தவளைக்குள் ஒரு சரித்திரம்: தட்டைப்புழுக்களும் அவற்றின் வீடுகளும்

ஒட்டுண்ணி என்றதும் நமக்கு நினைவுக்கு வருபவை நாடாப்புழுவும் கொக்கிப்புழுவும்தான். இங்கே பார்க்கப் போவது மனிதரைத் தொடாத ஒரு சிறிய தட்டைப்புழுக் குடும்பத்தைப் பற்றி. பெயர் பாலிஸ்டோமாடிடே. நுரையீரல் மீன், தவளை, தேரை, சலமாண்டர், நன்னீர் ஆமை, இவற்றோடு எதிர்பாராத விதமாக நீர்யானை ஆகியவை இவற்றின் வீடுகள். முதுகெலும்பிகள் நீரிலிருந்து நிலத்துக்கு ஏறிய நெடும்பயணத்தின் தடயங்கள் இந்தப் புழுக்களின் மரபணுக்களில் தங்கியிருக்கின்றன.

யார் இவர்கள்?

'பாலிஸ்டோமா' என்றால் 'பல வாய்' என்று பொருள். உண்மையில் வாய் ஒன்றுதான். புழுவின் பின்முனையில் வட்டத் தட்டு போன்ற ஓர் உறுப்பு உண்டு. அதில் பெரும்பாலும் மூன்று ஜோடி உறிஞ்சிகளும் சில கொக்கிகளும் இருக்கும். அந்த உறிஞ்சிகள்தான் வாய்களைப் போலத் தோற்றமளிக்கின்றன. அவற்றால் தான் தங்கியிருக்கும் உயிரின் (இதை ஓம்புயிர் என்பார்கள்) திசுவைக் கவ்விக்கொண்டு வாழ்கிறது புழு.

இவை மோனோஜீனியா என்ற பெரும் பிரிவைச் சேர்ந்தவை. அப்பிரிவின் பெரும்பாலான புழுக்கள் மீன்களின் தோலிலும் செவுளிலும் வாழ்பவை. கல்லீரல் புழுவுக்கு நத்தை தேவைப்படுவது போல இவற்றுக்கு இடையில் இன்னொரு உயிர் தேவையில்லை. முட்டை நீரில் விழும். அதிலிருந்து மயிரிழைகளால் நீந்தும் இளம்புழு வெளிவரும். அதற்கு ஆயுள் அதிகமில்லை. ஓரிரு நாளுக்குள் சரியான ஓம்புயிரைக் கண்டுபிடிக்காவிட்டால் கதை முடிந்தது.

ஆகவே இந்தப் புழுவுக்கு நீர் கட்டாயம். ஓம்புயிர் நிலத்தில் எவ்வளவு தூரம் அலைந்தாலும் என்றாவது ஒரு நாள் தண்ணீருக்குத் திரும்ப வேண்டும். இந்த ஒரு நிபந்தனையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மற்றதெல்லாம் இதிலிருந்தே புரியும்.

ஒரே இரவில் ஒரு வருட வேலை

அமெரிக்காவின் அரிசோனாப் பாலைவனத்தில் கௌச் மண்வெட்டித் தேரை என்று ஒன்று இருக்கிறது. பின்னங்காலால் மண்ணைத் தோண்டி, வருடத்தில் பத்து மாதம் போல நிலத்துக்கடியில் கிடக்கும். கோடை மழை கொட்டும் இரவில் வெளியே வந்து, தேங்கிய குட்டையில் இணை சேர்ந்து முட்டையிட்டுவிட்டுப் போய்விடும். அது தண்ணீரில் கழிப்பது வருடத்தில் சில மணி நேரம்தான்.

அதன் சிறுநீர்ப்பையில் சூடோடிப்ளார்க்கிஸ் அமெரிக்கானஸ் என்ற புழு வாழ்கிறது. தேரையின் ரத்தம்தான் அதன் உணவு. பிரிட்டிஷ் விலங்கியலாளர் ரிச்சர்ட் டின்ஸ்லி இதைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தார். தேரை குட்டையில் இறங்கும் அந்தச் சில மணி நேரத்துக்காகப் புழு வருடம் முழுவதும் தயாராகிறது. மற்ற இனங்களைப் போல முட்டையை நீரில் விட்டுக் காத்திருக்க அதற்கு நேரமில்லை. இளம்புழுக்களைத் தன் உடலுக்குள்ளேயே வளர்த்து வைத்துக்கொண்டு, தேரை நீரில் இணைசேரும்போது வெளியே விடுகிறது. அவை அருகிலிருக்கும் இன்னொரு தேரையின் மூக்குத் துளை வழியே நுழைந்து நுரையீரலுக்குப் போகின்றன. பிறகு இரைப்பை, குடல் வழியே பயணம் செய்து சிறுநீர்ப்பையை அடைகின்றன. செரிமான நீர்களில் கரைந்து போகாமலிருக்க அவற்றின் தோலில் தனிப் பாதுகாப்பு இருக்கிறது.

ஐரோப்பாவின் சாதாரணத் தவளையில் வாழும் பாலிஸ்டோமா இன்டெஜெரிமம் வேறொரு ஏற்பாடு வைத்திருக்கிறது. வசந்தத்தில் தவளை முட்டையிடும் காலத்தில்தான் அதுவும் முட்டையிடும். இளம்புழு மிகச் சிறிய தலைப்பிரட்டையின் செவுளைப் பற்றினால், சில வாரங்களிலேயே அங்கேயே பருவமடைந்து இனம் பெருக்கும். கொஞ்சம் வளர்ந்த தலைப்பிரட்டையில் ஒட்டினால் அவசரப்படாது. தலைப்பிரட்டை தவளையாக மாறும்போது சிறுநீர்ப்பைக்குக் குடிபெயர்ந்து, தவளையோடு சேர்ந்து மூன்றாண்டு கழித்துத்தான் பருவமடையும்.

கல்லில் இல்லாத சான்று

தட்டைப்புழுவுக்கு எலும்பு இல்லை, ஓடு இல்லை. ஆகவே புதைபடிவம் கிடைப்பது அரிதிலும் அரிது. பிறகு எப்படி அதன் வயதைக் கணக்கிடுவது?

மென்பொருள் துறையில் இருப்பவர்களுக்கு இது எளிதில் புரியும். ஒரே நிரலை இரண்டு குழுக்கள் பிரதியெடுத்துக்கொண்டு தனித்தனியே திருத்திக்கொண்டு போனால், இன்று இரண்டு பிரதிகளையும் ஒப்பிட்டு அவை எப்போது பிரிந்தன என்று ஓரளவு சொல்லிவிடலாம். வித்தியாசம் அதிகமென்றால் பிரிந்து வெகுகாலம் ஆயிற்று. மரபணுக்களிலும் இதே முறைதான். கிடைப்பது மதிப்பீடே தவிர, துல்லியமான தேதி அல்ல.

பிரான்சைச் சேர்ந்த ஒலிவியே வெர்னோவும் தென்னாப்பிரிக்காவின் லூயி டு பிரீஸ் உள்ளிட்ட சக ஆய்வாளர்களும் 2002-ல் 26 இனப் புழுக்களின் மரபணுவை ஒப்பிட்டு ஒரு குடும்ப மரம் வரைந்தார்கள். அதன் அடிக்கிளையில் நின்றது ஆஸ்திரேலிய நுரையீரல் மீனின் புழு. கதிர்த்துடுப்பு மீன்களும் சதைத்துடுப்பு மீன்களும் பிரிந்த காலத்தில், அதாவது சுமார் 42.5 கோடி ஆண்டுகளுக்கு முன், இந்தக் குடும்பம் தோன்றியிருக்கலாம் என்று அவர்கள் கணக்கிட்டார்கள். நான்கு கால் பிராணிகள் அனைத்தும், நாமும்கூட, சதைத்துடுப்பு மீன்களின் வழி வந்தவர்களே. இருவாழ்விகளின் புழுக்கள் கிளை பிரிந்தது சுமார் 25 கோடி ஆண்டுகளுக்கு முன். ஆமைப் புழுக்கள் பெருகியது சுமார் 19 கோடி ஆண்டுகளுக்கு முன். தவளைப் புழுக்களின் இரண்டு பெரும் கிளைகள் பிரிந்த காலம், ஆப்பிரிக்காவும் தென் அமெரிக்காவும் விலகிய சுமார் 10 கோடி ஆண்டுகளோடு பொருந்துகிறது. கண்டங்கள் பிரிந்தபோது தவளைகள் பிரிந்தன. தவளைகள் பிரிந்தபோது புழுக்களும் பிரிந்தன.

ஆமையின் மூன்று அறைகள்

ஓம்புயிரின் மரமும் ஒட்டுண்ணியின் மரமும் எப்போதும் அச்சு அசலாகப் பொருந்தும் என்று நினைத்துவிடக் கூடாது. நன்னீர் ஆமைகளில் இந்தப் புழுக்கள் மூன்று இடங்களில் வசிக்கின்றன: வாய், சிறுநீர்ப்பை, கண்ணிமையின் உட்புறம். ஒரே ஆமையின் வாயிலும் சிறுநீர்ப்பையிலும் வாழும் இரண்டு புழுக்கள் உடன்பிறப்புகளா? 1997-ல் லிட்டில்வுட், ரோடே, க்ளஃப் ஆகியோர் மரபணு மூலம் இதைச் சோதித்தார்கள். இல்லை என்பதே விடை. ஓர் ஆமையின் வாய்ப்புழுவுக்கு நெருங்கிய சொந்தம், வேறோர் ஆமையின் வாய்ப்புழு. ஒரே அடுக்குமாடியில் குடியிருப்பவர்கள் எல்லாம் உறவினர்கள் அல்லவே! இந்த இடப் பிரிவினை மிகப் பழையது என்பதும், அதற்குப் பிறகுதான் ஒவ்வொரு இடத்துப் புழுவும் ஆமைகளோடு பெருகியது என்பதும் இதிலிருந்து தெரிகிறது.

இன்னொரு விதிவிலக்கு இதைவிட வியப்பானது. ஆப்பிரிக்க நீர்யானையின் கண்ணில் வாழும் ஆக்குலோட்ரீமா ஹிப்போபொட்டாமியை ஸ்டங்கார்ட் 1924-ல் விவரித்தார். பாலூட்டியில் வாழும் ஒரே மோனோஜீனியப் புழு இதுதான். யானைக்கோ சிங்கத்துக்கோ இல்லாத புழு நீர்யானைக்கு மட்டும் எப்படி வந்தது? மரபணு ஆய்வு இதை ஆமைப் புழுக்களின் உறவாகக் காட்டுகிறது. ஒரே தண்ணீரில் பகலெல்லாம் கிடந்த ஆமையிடமிருந்து தாவியிருக்கலாம் என்று கருதப்படுகிறது.

இதிலிருந்து தெரிவது என்ன? கோடிக்கணக்கான ஆண்டுகள் ஒரே வீட்டில் இருந்த புழுக்களின் விசுவாசம், வேறு வீட்டைச் சந்திக்காததால் வந்தது. சந்திப்பு நேர்ந்தால் தாவக்கூடியவையும் அவற்றில் உண்டு.

செல்லப்பிராணிக் கடை வழியே

அந்தச் சந்திப்பை இப்போது ஏற்படுத்துபவர்கள் நாம். வட அமெரிக்காவின் செங்காது ஆமையைப் பலரும் பார்த்திருப்பீர்கள். கண்ணுக்குப் பின்னால் சிவப்புக் கோடு. வாங்கும்போது உள்ளங்கையில் அடங்கும். 1989-க்கும் 1997-க்கும் இடையில் மட்டும் 5 கோடிக்கும் மேற்பட்டவை அமெரிக்காவிலிருந்து ஏற்றுமதியாயின. வளர்ந்ததும் தட்டளவு ஆகிவிடும். பலர் அலுத்துப்போய் அருகிலுள்ள குளத்தில் விட்டார்கள். ஐரோப்பிய ஒன்றியம் 1997-ல் இறக்குமதியைத் தடை செய்தது. ஆனால் ஆமைகள் அதற்குள் குளங்களில் நிலைத்துவிட்டன.

அவற்றோடு அவற்றின் புழுக்களும் வந்தன. பிரான்சின் தென்பகுதியிலும் ஸ்பெயினிலும் உள்நாட்டு ஆமைகளின் உடலில் அமெரிக்க ஆமைப் புழுக்களை வெர்னோ குழுவினர் கண்டார்கள். பல கோடி ஆண்டுகளாக ஒரு கடல் பிரித்து வைத்திருந்ததை ஒரு கண்ணாடித் தொட்டி சேர்த்துவிட்டது. தன் புழுவோடு நெடுங்காலம் பழகிய ஆமை அதைச் சமாளித்து வாழும். புதிய புழுவோடு அதற்கு அப்படிப் பழக்கமில்லை. ஏற்கெனவே எண்ணிக்கை குறைந்துவரும் ஆமைகளுக்கு இது கூடுதல் சுமை. சிங்கப்பூரிலும் இந்தியாவிலும்கூடச் செங்காது ஆமை விற்கப்பட்டு, திறந்த நீர்நிலைகளில் காணப்பட்டிருக்கிறது. வீட்டில் ஒன்று இருந்தால், தயவுசெய்து குளத்தில் விடாதீர்கள்.

அடிக்கிளை முறிந்தால்

எதிர்த்திசையிலும் ஓர் ஆபத்து இருக்கிறது. குடும்ப மரத்தின் அடிக்கிளையில் நிற்கும் புழுவுக்கு ஆஸ்திரேலிய நுரையீரல் மீன் ஒன்றே வீடு. அந்த மீன் இயற்கையாக வாழ்வது குவீன்ஸ்லாந்தின் மேரி, பர்னெட் போன்ற வெகுசில ஆறுகளில்தான். 2003-ல் ஆஸ்திரேலியா அதை அழியும் வாய்ப்புள்ள இனமாக அறிவித்தது. இருந்தும் 2005-ல் பர்னெட் ஆற்றின் குறுக்கே பாரடைஸ் அணை வந்தது. மேரி ஆற்றில் திட்டமிட்ட டிராவஸ்டன் அணையை, எதிர்ப்புக்குப் பிறகு 2009-ல் மத்திய அரசு நிராகரித்தது. நுரையீரல் மீன் முட்டையிட ஆழம் குறைந்த, நீர்ச்செடிகள் நிறைந்த இடம் வேண்டும். அணையின் ஆழ்நீரில் அது கிடைப்பதில்லை.

அழியும் உயிர்களின் பட்டியலில் புழுக்களின் பெயரை யாரும் எழுதுவதில்லை. ஆனால் ஓர் ஓம்புயிர் மறையும்போது, அதை மட்டுமே நம்பிய ஒட்டுண்ணியும் உடன் மறைகிறது. அந்த மீன் போனால், 42 கோடி ஆண்டுக் கணக்கைச் சொல்ல உதவிய புழுவும் போய்விடும். புதைபடிவமாகவும் அது எஞ்சாது.