தாய்ப்பத்திரமும் நிக்காஹ் ஏடும்

பாட்டனாரின் பாட்டனார் பெயரைத் தயங்காது சொல்லிவிடும் நம்மவர் பலரிடம், அவருடைய மனைவியின் பெயரைக் கேட்டால் மௌனமே விடையாகக் கிடைக்கிறது. பலாதுரீ, ஸம்ஆனீ போன்ற பேரறிஞர்கள் வம்சாவளி அறிவைத் தனிக்கலையாகவே வளர்த்த மரபு நம்முடையது. எனினும் தாமிரபரணிக் கரையில் குடும்ப வரலாறு தேடுவோர் தந்தைவழியை மட்டும் பற்றிச் சென்றால் விரைவிலேயே வழி அடைபட்டுப் போகும். பாட்டனார் பெயரே பேரனுக்கும் வைக்கப்படுவதால் யார் எவர் என்ற குழப்பம் ஒருபுறம்; வணிகத்தின் பொருட்டு ஆடவர் கடல் கடந்து சென்றமை மறுபுறம்.

காயல்பட்டினத்தை எடுத்துக்கொள்வோம். மணமகன் மணமகளின் இல்லத்திற்குச் சென்று வாழ்வதும், பெற்றோர் மகளுக்கு வீடு கொடுப்பதும் அங்கு நெடுநாளைய வழக்கம். ஆகவே வீட்டின் உரிமை தாயிடமிருந்து மகளுக்கும், அம்மகளிடமிருந்து அவள் மகளுக்கும் இறங்கி வருகிறது. சார்பதிவாளர் அலுவலகத்தில் வில்லங்கச் சான்று பெற்று, ஒவ்வொரு பத்திரத்திலும் சுட்டப்படும் முந்தைய பத்திரத்தைத் தேடிக்கொண்டே போனால், குடும்பம் பெண்வழியே விரியக் காணலாம். மூல ஆவணத்துக்குத் ‘தாய்ப்பத்திரம்’ என்று பெயரிட்டவர் காயலை நினைத்து இட்டிருக்க மாட்டார். ஆயினும் அப்பெயர் இவ்வூருக்கு எழுத்துக்கு எழுத்துப் பொருந்துகிறது.

இவ்வழக்கம் வேரூன்றாத உள்நாட்டு ஊர்களில் பாகப்பிரிவினைப் பத்திரம் கைகொடுக்கும். திருக்குர்ஆன் விதித்த பாகப்படி மனைவி, தாய், மகள் ஆகியோருக்கும் பங்குண்டு என்பதால், முறையாக எழுதப்பட்ட பத்திரத்தில் அவர்கள் பெயர் விடுபட இயலாது. சகோதரிகள் தம் பங்கை விட்டுக்கொடுத்ததாக எழுதப்பட்ட விடுதலைப் பத்திரங்களும் உண்டு. அவர்கள் மனமுவந்து விட்டுக்கொடுத்தார்களா என்பது வேறு கேள்வி. பெயர் என்னவோ பதிவாகிவிட்டது.

பள்ளிவாசல், தர்கா மானியம் பெற்ற குடும்பத்தார் எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் இனாம் பதிவேடுகளைப் பார்க்க வேண்டும். 1858இல் அமைந்த இனாம் கமிஷன், மானியத்தை முதலில் பெற்றவர் யார், அப்போது அனுபவித்தவர் யார் என விசாரித்து எழுதியது. தூத்துக்குடி மாவட்டம் 1986இலும் தென்காசி மாவட்டம் 2019இலும் பிரிந்தவை. ஆகவே பழைய ஆவணங்களைத் திருநெல்வேலி என்ற தலைப்பிலேயே தேட வேண்டும். தூத்துக்குடி 1658 முதல் 1825 வரை, சில இடைவெளிகள் நீங்கலாக, டச்சுக்காரர் வசம் இருந்தது. அவர்களுடைய ஆவணங்கள் நெதர்லாந்தின் ஹேக் நகரிலும், ஒரு பகுதி எழும்பூரிலும் உள்ளன. அவற்றில் முத்துக்குளிப்பையும் வணிகத்தையும் பற்றிய செய்திகள் மிகுதி. சாதாரணக் குடும்பங்களின் பெயர்களை அங்கு எதிர்பார்த்தல் வீண்.

பெயர்கள் மிகுந்திருப்பது ஜமாஅத்தின் நிக்காஹ் ஏட்டில்தான். மணமக்கள், தந்தையர், சாட்சிகள், மஹர்த் தொகை அனைத்தும் ஒரே பக்கத்தில் கிடைக்கும். திருமணம் பெரும்பாலும் மணமகளின் மஹல்லாவிலேயே பதியப்படுவதால், இங்கும் தாய்வழி ஊரையே முதலில் நாட வேண்டும். கொழும்பிலும் காலியிலும் மணம் முடித்தவர்களுக்கு இலங்கையின் அரசுப் பதிவேடுகள் உண்டு. முஸ்லிம் திருமணப் பதிவுக்கென 1886இலேயே அங்கு சட்டம் வந்தது. பின்லாந்தில் 1686ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டம் லூத்தரன் போதகர்களுக்கு விதித்த கடமையால், ஒரு குடியானவர் வீட்டுக் கதையையும் தலைமுறை தலைமுறையாகப் பின்தொடர முடிகிறது. நம் ஜமாஅத்துகளை அவ்வாறு பணித்த சட்டம் இல்லை. தமிழ்நாட்டில் எல்லாத் திருமணங்களுக்கும் பதிவைக் கட்டாயமாக்கிய சட்டமே 2009இல்தான் வந்தது. அதற்கு முன்னைய காலத்துக்குப் பல குடும்பங்களில் நிக்காஹ் ஏடே ஒரே சான்று; அதற்குப் படியும் இல்லை. பள்ளிவாசலைப் புதுப்பிக்கும்போது பரணிலுள்ள ஏடுகளைக் குப்பையென்று கழித்துவிட்டால், எத்தனையோ உம்மாமார்களின் பெயர்கள் அத்துடன் போயின.

ஏடு கிடைத்தபின் ஆண்டுக் கணக்கில் இடறலாகாது. மீஸான் கல்லில் ஹிஜ்ரி இருக்கும். நெல்லைச் சீமைப் பத்திரங்களிலோ கொல்லம் ஆண்டு வரும். கொல்லம் 1020 என்பது கி.பி. 1844 ஆவணியில் தொடங்கியது. ஹிஜ்ரி 1300 என்பது 1882 நவம்பரில் தொடங்கியது. பழைய கடிதங்களும் குறிப்புகளும் அறபுத்தமிழில் இருக்கக்கூடும். அவ்வெழுத்தைத் தடையின்றி வாசிக்கும் மூதாட்டியர் இன்னும் சில வீடுகளில் இருக்கிறார்கள். எழும்பூருக்குப் பயணச்சீட்டு எடுப்பதற்கு முன், அவர்கள் வீட்டுப் பெட்டகத்தைத் திறக்கச் சொல்லிக் கேளுங்கள்.