திரையில் உள்ளுறை: பெயரிடப்படாத காதலும் பார்வையாளர் வாசிப்பும்

தண்ணீரூற்று, முள்ளியவளை முதலிய அயலூர்களிற் கூத்துப் பார்த்து வளர்ந்தோர்க்கு ஒன்றை விளக்க வேண்டியதில்லை. முல்லைத்தீவுப் பகுதிக்குச் சிறப்பாக உரிய கோவலன் கூத்திலே கோவலனும் ஆண்; மரபுப்படி கண்ணகியும் மாதவியும் வேடம் புனைந்த ஆண்களே. களரியைச் சூழ்ந்திருப்போர் இதனை நன்கறிவர். மாதவியாய் ஆடுபவன் இன்னாருடைய மகன் என்பதையும் அறிவர். அறிந்தும், இரு ஆண்கள் காதலுரை பகருமிடத்து ஓர் ஆணையும் பெண்ணையுமே கண்டனர். திரைப்படத்திலோ இதற்கு மறுதலையானதொரு நிகழ்ச்சியைக் காண்கின்றோம். இரு ஆண்களையோ இரு பெண்களையோ நண்பர் என்று பெயரிட்டுக் காட்ட, பார்வையாளரிற் சிலர் அங்கே காதலைக் கண்டனர். இவ்வாசிப்பு வெறுங் கற்பனையா, அன்றி வரலாற்றாய்வாளர் கருத்திற் கொள்ளத்தக்க சான்றா என்பதே நாம் ஈண்டு ஆராய எடுத்துக்கொண்ட பொருளாகும்.

கூறியதினின்றும் கூறாததை உணர்தல் தமிழர்க்குப் புதிதன்று. உள்ளுறை எனவும் இறைச்சி எனவும் தொல்காப்பியம் அதற்கு இலக்கணம் வகுத்துள்ளது. ஆயின் அகப்பாடலில் மறைத்தல் அழகின்பாற்பட்டது. புலவனும் கேட்போனும் ஒரே மரபை அறிந்தவர். திரையில் மறைத்தலுக்குக் காரணம் அச்சம். இந்தியத் தண்டனைச் சட்டக்கோவை 1860 இலும் இலங்கையினது 1883 இலும் பிரித்தானியர் ஆட்சியில் இயற்றப்பட்டவை. முன்னதன் 377ஆம் பிரிவும் பின்னதன் 365, 365அ ஆகிய பிரிவுகளும் ஒருபாலுறவைக் குற்றமாக்கின. இலங்கையில் 1995 இல் இது திருத்தப்பட்டபோது, ஆண் என்றிருந்த இடத்தில் ஆள் என்னும் பொதுச்சொல் இடம்பெற, அதுவரை அதன் வாசகத்துக்குப் புறம்பாயிருந்த பெண்களும் அதனுள் அகப்பட்டனர். இதனைச் சீர்திருத்தம் என எழுத நமக்குக் கை வரவில்லை.

ஹொலிவூட்டிலே இம்மறைப்பு எழுத்திலேயே விதிக்கப்பட்டிருந்தது. 1930 இல் வகுக்கப்பட்டு 1934 முதற் கடுமையாக நடைமுறைப்படுத்தப்பட்ட தயாரிப்பு விதிக்கோவை இத்தகைய உறவைத் திரையிற் சுட்டுதலையும் விலக்கிற்று. 1968 இலேயே அது கைவிடப்பட்டது. ‘மோல்ற்றீஸ் பல்கன்’ (1941) படத்தில் ஜோயல் கைரோ என்னும் பாத்திரத்தின் இயல்பை மூலநாவல் வெளிப்படக் கூற, திரையோ அவனது முகவரி அட்டையின் நறுமணத்தால் உணர்த்திற்று. ‘பென்ஹர்’ (1959) பற்றிய பிணக்கு இன்னும் சுவையானது. பென்ஹரும் மெசாலாவும் முன்னாட் காதலர் என்னும் குறிப்போடு தாம் காட்சி அமைத்ததாகவும், அது மெசாலாவாக நடித்தவருக்கு மட்டும் உரைக்கப்பட்டதாகவும் எழுத்தாளர் கோர் விடால் பிற்காலத்திற் கூறினார். பென்ஹராக நடித்த சாள்ற்றன் ஹெஸ்ற்றன் அதனை மறுத்தார். ஆக்கியோர் கூற்றே இவ்வாறு முரணுமாயின், பார்வையாளர் வாசிப்பை மட்டும் ஆதாரமற்றதெனத் தள்ளுதல் எங்ஙனம் பொருந்தும்?

இந்தியப் படங்களில் ‘தோஸ்தி’ (1964), ‘ஷோலே’ (1975) ஆகியன இவ்வகையில் அடிக்கடி பேசப்பட்டவை. தமிழுக்கு வருவோமாயின், மணிரத்தினத்தின் ‘தளபதி’ (1991) முதற்கண் நோக்கற்பாலது. கர்ணன்–துரியோதனன் நட்பே அதன் மூலம். ரஜினிகாந்தின் சூர்யாவும் மம்முட்டியின் தேவாவும் ஒருவர்பொருட்டு ஒருவர் உயிர்தரத் துணிந்தவர். சூர்யாவின் காதலி வேறொருவனுக்கு மனைவியாகிறாள். அவனது திருமணமோ தேவாவின் முயற்சியால் நிகழ்கிறது. தாயும் தம்பியும் இன்னார் என அறிந்த பின்னரும் அவன் தேவாவைப் பிரியான். படத்திலுள்ள பெண்கள் எவரோடும் அவனுக்கு இத்துணை இறுக்கமான பிணைப்பு இல்லை. இதனைக் காதலென வாசிப்போர் புதிதாக எதனையும் புகுத்தவில்லை. படம் தந்த மிகுதிக்கே வேறு பெயர் இட்டனர்.

இங்கே ஒரு தடை எழுதல் இயல்பு. கண்டறியாத கோப்பெருஞ்சோழனை நாடிச் சென்று அவன் வடக்கிருந்த இடத்திலே தாமும் உயிர்நீத்த பிசிராந்தையாரை நட்பின் எல்லையாகப் போற்றும் இலக்கியம் நம்முடையது. ஆழ்ந்த நட்பையெல்லாம் காமத்தின் மறுவடிவமாகக் காண்பது அம்மரபை வறிதாக்கும் என்பர். இக்கூற்றில் உண்மையுண்டு. எனினும், நட்பு இவ்வளவு தூரம் செல்லலாம் என இசைந்த மரபே, வேறு பெயர் சொல்ல இயலாதவர் ஒதுங்குதற்கும் நிழல் தந்தது. சூர்யாவும் தேவாவும் யாவர் என்பதற்கன்றி, அவர்களைப் பார்த்தவர் யாவர், எதனைத் தேடினர் என்பதற்கே இவ்வாசிப்பு சான்றாகும் என நாம் கொள்வோம்.

அவ்வாறு தேடியவர்க்குக் கிடைத்தவை பெரும்பாலும் இறப்புகளும் இழிவுகளுமே. பத்மராஜனின் மலையாளப் படமாகிய ‘தேசாடனக்கிளி கரயாறில்ல’ (1986) பள்ளிச் சுற்றுலாவினின்றும் தப்பியோடும் நிம்மி, சாலி என்னும் இரு மாணவியரின் கதை. காதல் என்னும் சொல் அவ்விருவர்க்கிடையே எழுவதில்லை. நிம்மி ஓர் ஆடவனை விரும்பவுஞ் செய்கிறாள். எனினும் தலைமயிரைக் குறைத்துக்கொண்ட சாலியின் பார்வையிற் பலர் தம்மை அடையாளங் கண்டனர். முடிவில் இருவரும் சேர்ந்து இறக்கின்றனர். கேரளத்திற் பெண்ணிணைகள் ஒருங்கே தற்கொலை செய்துகொண்ட நிகழ்ச்சிகளைச் சகயாத்ரிகா என்னும் அமைப்பு 2000களிற் பதிவு செய்யத் தொடங்கியமையை நோக்குமிடத்து, அம்முடிவைத் திரைக்கதைக்குரிய வழக்கமெனக் கடந்து செல்லல் அரிது. தமிழிலோ ‘வேட்டையாடு விளையாடு’ (2006) குறிப்பைப் பட்டவர்த்தனமாக்கிற்று. ஆனால் கொடுங்கொலைஞர் இருவர்மேல் ஏற்றியே அவ்வாறு செய்தது. மறைத்துக் காட்டியபோது இருந்த கண்ணியங்கூட வெளிப்படக் கூறியபோது இல்லாதொழிந்தது.

இந்திய உச்ச நீதிமன்றம் 2018 செப்ரெம்பர் 6 இல், இசைந்த வயதுவந்தோரைப் பொறுத்தவரை 377ஆம் பிரிவு செல்லாதெனத் தீர்ப்பளித்தது. ஐந்தாண்டுகளின் பின், 2023 இல், தேவாவாக நடித்த அதே மம்முட்டி ‘காதல் – தி கோர்’ என்னும் மலையாளப் படத்தில், மனைவி மணவிலக்குக் கோரி வழக்கிட, தன் ஒருபாற் காதலை ஒப்புக்கொள்ள நேரும் ஒருவராக நடித்தார். ‘தளபதி’யைப் பண்டு தமக்குள் வேறுவிதமாக வாசித்தோர்க்கு அந்நடிகரை அவ்வேடத்திற் கண்டது எத்தகையதாய் இருந்திருக்கும் என்பது எண்ணத்தக்கது. அப்படத்திலும் அவரும் அவர் காதலித்தவரும் உரையாடும் காட்சிகள் மிகச் சிலவே. பெரும்பகுதியைப் பார்வைகளே உணர்த்துகின்றன.