சிலம்பின் உள்ளிடம்

கோலாலம்பூர் மஸ்ஜித் இந்தியா வட்டாரத்திலும் கிள்ளான் தெங்கு கெலானா சாலையிலும் திறந்து மூடும் பதக்கத்தை நாம் ‘லாக்கெட்’ என்றே கேட்டு வாங்குகிறோம். பழைய பிரெஞ்சு மொழியில் சிறு தாழ்ப்பாளைக் குறித்த சொல்லின் வழிவந்த பெயர் அது. தாழ்ப்பாளை நீக்கினால் உள்ளிருப்பதைக் காணலாம். 1861இல் கணவர் ஆல்பர்ட் மறைந்தபின் விக்டோரியா அரசியார் அவருடைய தலைமயிரை இத்தகைய பதக்கத்தில் வைத்து அணிந்தார்.

தமிழரின் சிலம்புக்கோ தாழ்ப்பாள் இல்லை. ஒலித்தலைக் குறிக்கும் ‘சிலம்புதல்’ என்னும் வினையோடு உறவுடையது அதன் பெயர். குழலாக வளைத்த பொன்னுள் இட்ட பரலைக் கண் காணாது, செவி அறியும். அப்பரலுக்கு ‘அரி’ என்றும் பெயருண்டு. நற்றிணையின் 110ஆம் பாடலில் பாலுண்ண மறுத்து ஓடும் சிறுமியின் பொற்சிலம்பில் முத்தே அரி. ஆகவே, பாண்டிமாதேவியின் சிலம்பில் முத்து இருந்தது வியப்பன்று. கண்ணகியின் சிலம்பில் மாணிக்கம் இருந்ததே அரிது.

சிலப்பதிகாரத்தின் வழக்கு முழுவதும் இவ்வேறுபாட்டின்மீதே நிற்கிறது. புறத்தோற்றத்தால் பிரித்தறிய இயலாத இரு சிலம்புகளைக் கொண்டே பொற்கொல்லன் பழியைப் புனைந்தான். உள்ளே என்ன பரல் என்று கோவலனிடம் ஒரு வினா எழுப்பியிருந்தால் போதும். மன்னன் அதை எழுப்பவில்லை. கண்ணகி வந்து தன் சிலம்பின் அரி மாணிக்கம் என்றபோதுதான் தம்முடையதில் “முத்து” என்றான். உடைத்தால் அன்றித் திறவாத அணிகலன் அது, உடைத்தாள். மாணிக்கம் தெறித்தது. (வகுப்பறையில் கண்ணகியின் சினத்தை விரித்துரைக்கும் நாம் இச்சான்றின் நுட்பத்தை விரைந்து கடந்துவிடுகிறோம்.)

மூடிய உள்ளிடத்தின்மீதான நம்பிக்கை தாயத்திலும் உண்டு. எழுத்துப் பொறித்த செப்புத்தகட்டையோ குழந்தையின் தொப்புள்கொடியையோ இட்டு அடைத்தபின் அதை யாரும் திறந்து பார்ப்பதில்லை. அச்சொல்லைத் ‘தாய்’ என்பதோடு இணைப்பது இனிய கற்பனையே. மராத்தியிலும் கன்னடத்திலும் இதையொத்த வடிவங்கள் வழங்குகின்றன. பாம்படத்தின் பொற்றகட்டுக்குள் அரக்கு இருக்கும். ஆதலால் எடைபோடுவோர்க்கு அங்கே ஐயமும் உண்டு.

இன்று செலாயாங்கில் நம் சிறுமியர் அணியும் கொலுசில் மணிகள் வெளியே தொங்குகின்றன. உள்ளிடம் மறைந்ததோடு ‘அரி’ என்னும் சொல்லும் வழக்கொழிந்தது. ஆயினும் தமிழ்நாட்டு அம்மன் கோயில்களில் கைச்சிலம்பாட்டம் ஆடுவோரின் உலோக வளையங்களுக்குள் பரல்கள் இன்னும் ஒலிக்கின்றன.