ஒலிவாங்கியின் முன் சொல்: லதா மங்கேஷ்கரின் ஒலிப்பதிவு முறை

இந்தியத் திரைப்பாடலின் வரலாற்றை எழுதியவர்கள் பெரும்பாலும் மெட்டு, இராகம், இசைக்கருவி ஆகியவற்றையே அளவுகோலாகக் கொண்டனர். பாடலிலுள்ள சொல் யாருடைய வாயில், எந்தக் கருவியின் முன், எத்தகைய பயிற்சிக்குப் பின் ஒலித்தது என்னும் வினா மொழியியலாளர்க்கும் மொழிபெயர்ப்பாளர்க்கும் உரியது. ஆயினும் அவர்களாலும் அது மிகுதியாக எழுப்பப்படவில்லை. லதா மங்கேஷ்கர் (1929–2022) இவ்வினாவிற்குப் பொருத்தமான சான்றாவார். மராத்தி பேசி வளர்ந்த ஒருவர் அரை நூற்றாண்டுக்கும் மேலாக இந்துஸ்தானி உச்சரிப்பின் முன்மாதிரியாகக் கொள்ளப்பட்டார். இது நேர்ந்த விதத்தை அறிய அவருடைய குரல்வளத்தைப் புகழ்வதினும் அவருடைய வேலைமுறையை நோக்குவதே பயன்தரும்.

1940களின் பிற்பகுதியில் பம்பாய்ப் புறநகர் இரயிலில் நிகழ்ந்த சந்திப்பு ஒன்றை லதாவே பலமுறை நினைவுகூர்ந்துள்ளார். இசையமைப்பாளர் அனில் பிஸ்வாஸ் அவரை நடிகர் திலீப் குமாருக்கு அறிமுகம் செய்தார். மராத்தியர் பேசும் உருதுவில் பருப்புச் சோற்றின் வாடை வீசும் என்னும் பொருள்படத் திலீப் குமார் ஏதோ சொன்னார். இளம்பெண்ணான லதாவிற்கு அச்சொல் தைத்தது. அவர் வாதிடவில்லை, மௌல்வி ஒருவரை ஆசிரியராக அமர்த்திக்கொண்டு உருது கற்கத் தொடங்கினார். இந்நிகழ்ச்சி சுவைக்காகவே பெரிதும் சொல்லப்படுகிறது. ஆனால் இதில் கருதத்தக்க செய்தி வேறொன்றுண்டு. பாரிசாலில் பிறந்த பிஸ்வாஸின் தாய்மொழி வங்காளம், பெஷாவரில் பிறந்த திலீப் குமாரின் வீட்டுமொழி ஹிந்த்கோ, லதாவினுடையது மராத்தி. உருதுவைத் தாய்மொழியாகக் கொள்ளாத மூவருக்கிடையே உருதுவின் தூய்மை பற்றிய தீர்ப்பு வழங்கப்பட்டது. பம்பாய்த் திரையுலகில் தரமொழி என்பது எவருக்கும் பிறப்புரிமை அன்று. உழைத்துப் பெறவேண்டிய தேர்ச்சியாகவே அது இருந்தது.

அந்தத் தேர்ச்சியின் கடுமையை உணர மராத்தியின் ஒலியமைப்பைச் சிறிது பார்த்தல் வேண்டும். தேவநாகரியில் ஒரே 'ஜ' எழுத்து மராத்தியில் இருவேறு ஒலிகளைக் குறிக்கும். இ, எ போன்ற முன்னுயிர்களுக்கு முன் அது அண்ணத்து ஒலி. பிற இடங்களில், சிறப்பாகத் தேசியச் சொற்களில், நாநுனி பல்லருகே பொருந்தும் வெடிப்புரசொலி. உருதுவிலோ அண்ணத்து ஜகரமும், வெடிப்பின்றித் தேய்ந்தொலிக்கும் ஒலிப்புடை உரசொலியும் தனித்தனி ஒலியன்கள். வாழ்வு என்னும் பொருளுடைய 'ஸிந்தகி' என்ற சொல்லின் முதலொலி இவ்வுரசொலி. அதன்பின் இகரம் வருவதால் மராத்தி நாவு பழக்கத்தாலேயே அதனை 'ஜிந்தகி' ஆக்கிவிடும். செல்லுதலைக் குறிக்கும் 'ஜானா'வில் வரவேண்டியது அண்ணத்து ஒலி. ஆகாரம் தொடர்வதால் மராத்தி நாவு அங்குப் பல்லருகே சென்றுவிடும். ஆகவே பிழை இருபுறமும் நேரக்கூடியது. உரசொலியை எங்கும் மிகுதியாகப் பயன்படுத்திவிட்டால் குறை தீர்ந்துவிடாது. ஒவ்வொரு சொல்லையும் தனித்தனியே அறிந்திருத்தல் வேண்டும். உள்நாக்கில் பிறக்கும் ககரமும் கடையண்ண உரசொலிகள் இரண்டும் இவற்றோடு சேர்ந்தவை.

இங்கே எழுத்துமுறையும் குறுக்கிட்டது. மஜ்ரூஹ் சுல்தான்புரி, ஷகீல் பதாயூனி, சாஹிர் லூதியான்வி முதலிய பாடலாசிரியர்கள் உருதுக் கவிஞர்கள். உருது எழுத்து குற்றுயிர்களைப் பெரும்பாலும் காட்டாது. தேவநாகரி உயிர்களை முழுமையாகக் காட்டும், ஆனால் எழுத்தின்கீழ் இடும் நுக்தாப் புள்ளியை விட்டுவிட்டால் உருதுக்கே உரிய மெய்களின் வேறுபாடு மறைந்துவிடும். அச்சிலும் கையெழுத்திலும் அப்புள்ளி விடுபடுவது அன்றும் இன்றும் வழக்கமே. லதா தாம் பாடவிருந்த பாடலைப் பிறர் எழுதிய தாளிலிருந்து பாடுவதில்லை. சொல்லக் கேட்டுத் தம் கையாலேயே தேவநாகரியில் எழுதிக்கொள்வது அவர் வழக்கம். வெறும் படியெடுத்தலாக இதனைக் கருதுவது பொருந்தாது. காதால் கேட்ட ஒலியைத் தமக்குரிய எழுத்தில் மறுபடி அமைக்கும் எழுத்துப்பெயர்ப்பு இது; சொல்லை எழுதும்போதே எங்கே அழுத்துவது, எங்கே மூச்சு வாங்குவது என்பனவும் முடிவாகின்றன. அதே கூடத்தில் மறுபுறம் கோவாவிலிருந்து வந்த இசைக்கலைஞர் பலர் மேலைநாட்டு இசைக்குறியீட்டுத் தாள்களைப் பார்த்து வாசித்தனர். ஒரே பாடல் உருது, நாகரி, ஐரோப்பிய இசைக்குறியீடு என மூன்று எழுத்துகளில் சிதறிக் கிடந்து ஒலிவாங்கியின் முன்தான் ஒன்றுகூடியது.

ஒலிவாங்கியின் இயல்பை அவர் எவ்வாறு அறிந்தார் என்பது அடுத்த செய்தி. தந்தை தீனாநாத் மங்கேஷ்கர் மராத்தி மேடை நாடகப் பாடகர். கடைசி வரிசை வரை குரலை எறிவது அம்மரபின் தேவை. ஒலிவாங்கிக்கு அத்தேவை இல்லை. 1948ஆம் ஆண்டளவில் படத்தயாரிப்பாளர் சசாதர் முகர்ஜி லதாவின் குரல் மிக மெலிந்தது எனக்கூறி மறுத்தமையும், இசையமைப்பாளர் குலாம் ஹைதர் அதை ஏற்காது 'மஜ்பூர்' (1948) படத்தில் அவரைப் பாடவைத்தமையும் பலரும் அறிந்தவை. நூர்ஜஹான், ஷம்ஷாத் பேகம் ஆகியோரின் கனத்த குரலுக்குப் பழகிய செவிக்கு அம்மெலிவு குறையாகவே பட்டிருக்கும். ஆனால் அக்காலப் படச்சுருளின் ஒலித்தடமும் கிராமபோன் இசைத்தட்டும் குறுகிய அலைவரம்பையே ஏற்றன. அத்தகைய ஊடகத்தில் கனத்த குரலின் மெய்யொலிகள் மங்கும். மெலிந்து கூர்மையாகக் குவிந்த குரலின் மெய்கள் தெளிவாக நிற்கும். முகர்ஜி கண்ட குறை கருவியின் வழியே கேட்கும்போது நிறையாயிற்று என்று கொள்ள இடமுண்டு.

மூச்சை ஆளும் முறையைத் தமக்குக் கற்பித்தவர் அனில் பிஸ்வாஸ் என லதா கூறியுள்ளார். சொல் பிளவுபடாத இடம் பார்த்து மூச்சு வாங்குதல் ஒன்று. வாங்கும்போது முகத்தை ஒலிவாங்கியிலிருந்து ஓசையின்றித் திருப்பிக்கொண்டு, அடுத்த சொல்லுக்கு முன் மீளுதல் மற்றொன்று. இவ்விரண்டாவது பயிற்சிக்கு மொழியியல் சார்ந்த பயனும் உண்டு. இந்துஸ்தானியில் மூச்சொலி மெய்கள் பல. 'ப' வரிசையின் மூச்சொலிகளைச் சொல்லும்போது வாயிலிருந்து காற்று திடீரெனப் பாயும். அன்று பரவலாக வழங்கிய நாடா வகை ஒலிவாங்கியில் மெல்லிய உலோகத் தகடொன்றே ஒலியை உணரும் உறுப்பு. காற்று நேரே மோதினால் வெடிச்சத்தம் பதிவாகும். மூச்சொலியை மழுக்கினால் சொல் வேறு சொல்லாகிவிடும். மழுக்காவிட்டால் ஒலிப்பதிவு கெடும். சற்றே கோணம் மாற்றி நின்று, மூச்சின் விசையைக் குறைத்து, அதன் ஒலிக்கும் நேரத்தைக் காப்பதே வழி. பாடகியின் கழுத்தசைவு ஒலியன் வேறுபாட்டைக் காப்பாற்றியது எனலாம்.

பணியிடச் சூழலும் நினைவிற்கு உரியது. தொடக்க காலத்தில் பாடகரும் இசைக்குழுவினரும் ஒருசேர ஒரே தடத்தில் பதிவாயினர். எவரேனும் ஒருவர் தவறினால் அனைவரும் முதலிலிருந்து தொடங்கவேண்டும். மின்விசிறியின் ஓசை பதிவாகுமாதலால் பம்பாய் வெயிலில் அதனை நிறுத்திவிட்டே பாடினர். வெளியோசை அடங்கும் இரவுவேளையில் பதிவு நடந்ததும் உண்டு. மூன்று நிமிடம் இருபது விநாடி அளவினதான இசைத்தட்டின் ஒரு பக்கத்திற்குள் பாடல் அடங்கவேண்டும். பிற்காலத்தில் பல்தடப் பதிவு வந்தபின் தவறிய ஒரு சொல்லை மட்டும் மீண்டும் பதிந்து ஒட்டலாயிற்று. 1950களின் பாடகருக்கு அச்சலுகை இல்லை. அக்காலத் தட்டுகளில் கேட்கும் திருத்தமான உச்சரிப்பு ஒத்திகையில் முன்னரே முடிந்துபோன உழைப்பின் விளைவு.

'மஹல்' (1949) படத்தில் கேம்சந்த் பிரகாஷ் இசையமைத்த 'ஆயேகா ஆனேவாலா' பாடலின் பதிவு இவ்வகையில் தனிச்சிறப்புடையது. கதைப்படி மாளிகையில் எங்கோ தொலைவில் எழும் பெண்குரல் மெல்ல நெருங்கிவர வேண்டும். ஒலியளவைக் கூட்டிக் குறைக்கும் கருவியால் இதைச் செய்தால் குரல் உரக்குமேயன்றி அருகில் வாராது. ஆகவே ஒலிவாங்கியைக் கூடத்தின் நடுவே வைத்து, லதாவை மூலையிலிருந்து தொகையறாவைப் பாடிக்கொண்டே நடந்துவரச் செய்தனர். பல்லவி தொடங்கும் நொடியில் அவர் ஒலிவாங்கியை அடையவேண்டும். தொலைவில் முதலில் தேய்வன ஒலிப்பிலா மெய்கள். உயிர்களே காற்றில் நிற்கும். கேட்போர் முதலில் பொருள் புலப்படாத உயிரோசையையும் பின்னர்ச் சிறிது சிறிதாகச் சொல்லையும் பெறுகின்றனர். நடையின் வேகம், சொல்லின் அளவு, தாளமற்ற தொகையறாவின் நெகிழ்ச்சி ஆகிய மூன்றையும் இருபது வயது நிரம்பாத ஒருவர் பலமுறை நடந்து நடந்து இணைத்தார். ஆயினும் முதலில் வெளிவந்த இசைத்தட்டில் பாடியவர் பெயராக அச்சிடப்பட்டிருந்தது 'காமினி' என்னும் கதைமாந்தர் பெயரே. வானொலிக்கு நேயர்கள் எழுதிக் கேட்ட பின்னரே உண்மைப் பெயர் பெறப்பட்டு அறிவிக்கப்பட்டது.

பெயர் மறைந்த இந்நிலையை எதிர்த்து லதா நீண்டகாலம் போராடினார். 'சோரி சோரி' படத்தின் இசைக்கு ஃபிலிம்பேர் விருது கிடைத்தபோது, பின்னணிப் பாடகருக்கு எனத் தனி விருது இல்லாத மேடையில் பாட அவர் இசையவில்லை. 1959இல் அவ்விருது ஏற்படுத்தப்பட்டது. முதலில் பெற்றவரும் அவரே. பாடகருக்கு உரிமத்தொகை வேண்டும் என்ற அவர் நிலைப்பாட்டில் முகமது ரஃபிக்கு உடன்பாடின்றி, 1960களில் இருவரும் சில ஆண்டுகள் இணைந்து பாடவில்லை. இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் நிகழ்த்துநர் உரிமையை ஏற்றது 1994இன் திருத்தத்தில். உரிமத்தொகையை உறுதிசெய்தது 2012இன் திருத்தத்தில்.

இவ்வுச்சரிப்பு எந்த மொழிச்சூழலில் ஒலித்தது என்பதையும் மறத்தலாகாது. நாட்டுப் பிரிவினைக்குப் பின் உருதுவின் நிலை தளர்ந்தது. அகில இந்திய வானொலியின் இந்தி வடமொழிச் சார்பினதாயிற்று. 1952இல் அமைச்சர் பி.வி. கேஸ்கர் காலத்தில் வானொலியில் திரைப்பாடல்கள் கட்டுப்படுத்தப்பட்டன. நேயர்கள் கொழும்பிலிருந்து ஒலித்த இலங்கை வானொலியை நாடினர். 1957இல் விவித் பாரதி தொடங்கிய பின்னரே நிலைமை மாறியது. உருது எழுத்தை அறியாத பல்லாயிரவர்க்கு உருது உரசொலிகள் பழக்கமானது பாடல்கள் வாயிலாகவே. மறுபுறம் இதற்கு ஒரு விலையும் இருந்தது. ஒரே பெண்குரலும் ஒரே வகை உச்சரிப்பும் மேலோங்கியதால் பஞ்சாபிச் சாயலும் வட்டாரச் சாயலும் கொண்ட பிற குரல்கள் ஒதுங்கின எனச் சமூகவியலாளர் சஞ்சய் ஸ்ரீவாஸ்தவா முதலியோர் சுட்டியுள்ளனர். இக்குற்றச்சாட்டை எளிதில் தள்ளிவிட இயலாது. ஆனால் அதன் பொறுப்பு பாடகியை விட, ஒரே குரலை மீண்டும் மீண்டும் நாடிய தொழிலையே மிகுதியும் சாரும்.

தமிழில் அவர் பாடியவை மிகச் சிலவே. நௌஷாத் இசையமைத்த இந்திப் படங்களின் தமிழ் வடிவங்களுக்கு 1950களில் பாடியபோது, இந்தி வாயசைப்பிற்கேற்ற தமிழ்ச்சொற்களைப் பாடவேண்டியிருந்தது. இளையராசாவின் இசையில் 'சத்யா' (1988) படத்திற்காகப் பாடிய 'வளையோசை' வேறு வகையான சோதனை: வாலி அதில் இரட்டைக்கிளவிகளை அடுக்கியிருந்தார். லகர ளகர வேறுபாடு மயங்கினால் இரட்டைக்கிளவி பாழாகும். இந்தியில் ளகரம் இல்லை, மராத்தியில் உண்டு. முன்னொரு காலத்தில் குறையெனச் சுட்டப்பட்ட தாய்மொழி இங்கே துணைநின்றிருக்கும்.

மௌல்வியிடம் பெற்ற கல்வியின் நுட்பமான பயனைக் காட்டுவது 'ரஸியா சுல்தான்' (1983) படத்தின் 'ஏ தில்-எ-நாதான்'. ஜான் நிஸார் அக்தர் எழுதிக் கய்யாம் இசையமைத்தது. படத்தின் இயக்குநர், 'மஹல்' எடுத்த அதே கமால் அம்ரோஹி. பாடலின் முதலிலேயே இஸாஃபத் என்னும் பாரசீகத் தொடரமைப்பு வருகிறது. நிலைமொழிக்கும் வருமொழிக்கும் இடையே தோன்றும் குறுகிய எகரமே அதன் உருபு. உருது எழுத்தில் அது பெரும்பாலும் எழுதப்படுவதில்லை. தமிழில் 'அறியா உள்ளம்' என அடை முன்வரும் இடத்தில் அங்கு 'உள்ளம்' முன்னும் 'அறியா' பின்னும் நிற்கும். யாப்பில் அவ்வெகரம் குறிலாகவும் நெடிலாகவும் கொள்ளப்படலாம். எவ்வாறாயினும் அதன் பின் மூச்சுவிட்டால் தொடர் அறுந்து பொருள் சிதறும். பாடலிலோ அடிகளுக்கிடையே இசைக்கருவியும் ஓய்ந்துவிடும் நீண்ட மௌனங்கள் உள்ளன. மூச்சை மறைக்க எந்த ஓசையும் அங்கில்லை. லதா இஸாஃபத்தை ஒரே மூச்சில் பிணைத்து, அடி முடிந்த பின் அந்த மௌனத்திற்குள் மூச்சு வாங்குகிறார். ஒலிநாடாவில் அது கேட்பதில்லை.