தூக்கிச் சென்றவர்கள்

மருத்துவத்தோடு தொடர்புடைய வரலாற்றுக் கட்டுரையொன்று வேண்டும் என்று மலர்க்குழுவிலுள்ள அக்கா கேட்டபோது, பென்சிலின் பற்றியோ சத்திரசிகிச்சையின் வளர்ச்சி பற்றியோ எழுதுவேன் என்றுதான் எதிர்பார்த்திருப்பார். நான் எடுத்துக்கொண்டது ஸ்ரெச்சரை. அதற்குக் காரணம் நமது பாடசாலைதான்.

ஆண்டு 8இல் முதலுதவி அணியில் சேர்ந்தபோது எங்களுக்கு முதலில் பழக்கியது கட்டுப்போடுவதை அல்ல, தூக்குவதை. குடாநாட்டில் பெற்றோல் காணாமற் போயிருந்த காலம் அது. சாக்குகளின் அடி மூலைகளை வெட்டி, இரண்டு மூங்கில் தடிகளை அவற்றினூடே செலுத்தினால் ஸ்ரெச்சர் தயார். "முன்னுக்குப் போறவ இடக்கால், பின்னுக்குப் போறவ வலக்கால். ரெண்டு பேரும் ஒரே காலை வைச்சால் காயக்காரர் ஊஞ்சல் ஆடுவார்" என்பார் ரீச்சர். சமதரையில் காயக்காரரின் கால் முன்னே போகவேண்டும், மேடு ஏறும்போது தலை முன்னே போகவேண்டும். பின்னால் தூக்குபவரின் கண் எப்போதும் காயக்காரரின் முகத்தில் இருக்கவேண்டும். மைதானத்தில் ஒருத்தியை ஒருத்தி தூக்கிச் சிரித்தோம். அந்தப் பாடத்தின் பின்னால் பெரிய வரலாறு ஒன்று இருப்பதைப் பின்னாளில்தான் அறிந்தேன்.

படை என்றதும் நமக்குத் துப்பாக்கி ஏந்தியவர்களே நினைவுக்கு வருவர். ஆனால் எந்தப் படையும் தனக்குச் சோறு சமைப்பவர், பாதை வெட்டுபவர், பொதி சுமப்பவர், காயப்பட்டோரைத் தூக்குபவர் இல்லாமல் ஒரு வாரம் நின்றதில்லை. இவர்களே துணை அணிகள். நமது நாட்டில் அதற்குக் கண்ணெதிரே சான்று உண்டு. 1820களில் ஆளுநர் எட்வர்ட் பார்ன்ஸ் காலத்தில் கொழும்பு - கண்டி வீதி அமைக்கப்பட்டபோது, பாறையை உடைத்து மலையை வெட்டியவர்களுள் பயனியர் படையினரும் இருந்தனர். அவ்வீதியை அமைத்த பொறியியலாளர் கப்டன் டோசனின் நினைவாகக் கடுகண்ணாவையில் கோபுரம் நிற்கிறது. கண்டிக்குப் பயணம் போனவர்கள் பார்த்திருப்பீர்கள். பாறையை உடைத்தவர்களின் பெயர்கள் அந்தக் கோபுரத்தில் இல்லை.

காயப்பட்டோரைத் தூக்குவதற்கென்று தனியாக ஆட்களை வைப்பது அதற்கும் சற்று முந்திய எண்ணம். 1792இல் பிரெஞ்சுப் படையில் கடமையாற்றிய சத்திரசிகிச்சை நிபுணர் லாரே, சண்டை முடியும்வரை காயப்பட்டோர் களத்திலேயே கிடந்து இறப்பதைக் கண்டார். விரைந்து ஓடும் இலகுவான குதிரை வண்டிகளை உருவாக்கி, சண்டை நடக்கும்போதே அவர்களை எடுத்துவர ஏற்பாடு செய்தார். பதவியைப் பாராமல் காயத்தின் கடுமையைப் பார்த்தே சிகிச்சை தரவேண்டும் என்றார். இன்று எமது விபத்துப் பிரிவுகளில் நோயாளரை வகைப்படுத்தும் முறையின் வேர் அங்கேதான் இருக்கிறது.

ஆனால் பிரித்தானியப் படை அதைக் கற்க இன்னும் அறுபது ஆண்டுகள் சென்றன. அங்கே காயப்பட்டோரைத் தூக்குவது பெரும்பாலும் வாத்தியக்காரரின் வேலையாக இருந்தது. 1853இல் தொடங்கிய கிரைமியப் போரில் அதன் விளைவு தெரிந்தது. இறந்த ஏறத்தாழ 21,000 பிரித்தானியப் படையினருள் ஏறத்தாழ 16,000 பேர் நோயினாலேயே மாண்டனர். துறைமுகத்தில் பொருள்கள் குவிந்து கிடக்க, சில மைல்களுக்கு அப்பால் படையினர் குளிரிலும் பசியிலும் வாடினர். இடையில் இருந்த பாதை சேறாகிவிட்டது, சுமந்து செல்லப் போதிய ஆளும் மிருகமும் இல்லை. புளோரன்ஸ் நைற்றிங்கேலை நாம் அனைவரும் படித்திருக்கிறோம். 1855இல் அவசரமாக உருவாக்கப்பட்ட தரைப் போக்குவரத்து அணியையும் மருத்துவ உதவியாளர் அணியையும் யாரும் நமக்குப் படிப்பிக்கவில்லை. பிற்காலத்து வழங்கற் படைக்கும் 1898இல் அமைந்த அரச இராணுவ மருத்துவப் படைக்கும் முன்னோடிகள் அவைதான்.

இனி நம்மவர் கதைக்கு வருகிறேன். 1927 நவம்பரில் காந்தியடிகள் யாழ்ப்பாணம் வந்தார். நம் பாட்டிமார் கண்டது கதர் உடுத்த காந்தியை. அதற்கு 28 ஆண்டுகளுக்கு முன் அவர் கையில் செஞ்சிலுவைப் பட்டி கட்டி, தென்னாபிரிக்காவில் ஸ்ரெச்சர் தூக்கியவர். 1899இல் பிரித்தானியருக்கும் போவருக்கும் போர் மூண்டபோது, நேட்டாலில் வாழ்ந்த இந்தியரைக் கொண்டு அவர் ஒரு அம்புலன்ஸ் அணி திரட்டினார். அதில் ஏறத்தாழ 1,100 பேர் இருந்தனர். முந்நூறு பேர்வரை சுதந்திரமான இந்தியர், ஏனையோர் ஒப்பந்தக் கூலிகள். 1860 முதல் சென்னைத் துறைமுகத்திலிருந்து நேட்டாலின் கரும்புத் தோட்டங்களுக்குக் கப்பலேறிய தமிழரும் தெலுங்கரும் அங்கிருந்த கூலிகளுள் பெருந்தொகையினர். மருத்துவர் பூத் அணியினருக்குப் பயிற்சி கொடுத்தார்.

டிசெம்பரில் கொலென்சோவிலும், அடுத்த மாதம் ஸ்பியன்கொப்பிலும் இவர்கள் பணியாற்றினர். துப்பாக்கிச் சூட்டு எல்லைக்குள் செல்லத் தேவையில்லை என்பதுதான் ஏற்பாடு. ஸ்பியன்கொப்பில் நிலைமை மோசமானபோது, கட்டாயமில்லை, ஆனால் வந்தால் நன்றியுடையோம் என்று தளபதி புல்லர் செய்தி அனுப்பினார். அவர்கள் போனார்கள். காயப்பட்டோரைச் சுமந்துகொண்டு நாளொன்றுக்கு 20 முதல் 25 மைல்வரை நடந்தார்கள். யாழ்ப்பாணத்திலிருந்து பருத்தித்துறைவரை, தோளில் ஒரு மனிதனோடு நடப்பதாக எண்ணிப் பாருங்கள்.

போர் முடிந்தபின் அணியின் தலைவர்களுக்குப் பதக்கம் கிடைத்தது. காந்தி தம் பதக்கத்தை 1920இல், ஒத்துழையாமை இயக்கத்தின்போது, அரசுக்கே திருப்பி அனுப்பினார். அந்தப் பதக்கத்தைப் பற்றி வரலாற்று நூல்கள் பேசுகின்றன. கரும்புத் தோட்டத்திலிருந்து வந்து, தூக்கி நடந்து, மீண்டும் கரும்புத் தோட்டத்துக்கே போன எண்ணூறு பேரிடம் திருப்பி அனுப்பப் பதக்கம் எதுவும் இருக்கவில்லை. அதே போரில் பிடிபட்ட போவர் கைதிகள் ஏறத்தாழ 5,000 பேர் நமது தியத்தலாவைக்குக் கொண்டுவரப்பட்டார்கள். அவர்களின் பெயர்கள் பட்டியல்களில் இருக்கின்றன.

சட்டம் மெதுவாகவேனும் இவர்களைக் கண்டுகொண்டது. 1859இல் சொல்பெரினோ களத்தில் காயப்பட்டோர் கைவிடப்பட்டுக் கிடந்ததை ஹென்றி டியூனன் கண்டதிலிருந்து செஞ்சிலுவை இயக்கமும், 1864இன் முதல் ஜெனீவா உடன்படிக்கையும் பிறந்தன. 1949ஆம் ஆண்டு உடன்படிக்கை, மருத்துவரையும் தாதியரையும் மட்டுமன்றி, துணையாக ஸ்ரெச்சர் தூக்குவோரையும் சொல்லியே பாதுகாக்கிறது. எழுதிய சட்டம் எப்போதும் காப்பதில்லை என்பதை யாழ்ப்பாணத்தாருக்குச் சொல்லத் தேவையில்லை. 1987 ஒக்டோபர் 21, 22ஆம் திகதிகளில், இந்திய அமைதிகாக்கும் படையினர் யாழ்ப்பாண வைத்தியசாலையினுள் புகுந்து சுட்டதில் நோயாளருடன் பணியாளர் 21 பேரும் கொல்லப்பட்டனர். மருத்துவர், தாதியர், சிற்றூழியர் என்ற வேறுபாட்டைத் துப்பாக்கி பார்க்கவில்லை. ஆண்டுதோறும் அங்கே நடைபெறும் நினைவுகூரலிலும் அந்த வேறுபாடு இல்லை.

1995 ஒக்டோபர் 30ஆம் திகதி வலிகாமம் முழுவதும் பெயர்ந்தபோது எனக்குப் பதினாறு வயது. அம்மம்மாவால் நடக்க இயலாது. நாவற்குழிப் பாலத்தை நோக்கிய சனத்துள் சைக்கிளை உருட்டவும் இடமில்லை. மழை வேறு. முன்பின் தெரியாத இரண்டு பெடியன்கள் எங்கள் கதிரைக்குக் குறுக்கே தடி கட்டி அம்மம்மாவைத் தூக்கினார்கள். கதிரை ஆட, அவர் வலியில் முனகினார். "அண்ணா, நீங்கள் இடக்கால் வையுங்கோ, பின்னுக்கு நிக்கிற அண்ணா வலக்கால்" என்றேன். மாற்றி வைத்தார்கள். ஆட்டம் நின்றது. விடியும்போது சாவகச்சேரிப் பக்கம் ஒரு பாடசாலை விறாந்தையில் அவரை இறக்கிவிட்டு, தங்கள் ஆட்களைத் தேடிப் போய்விட்டார்கள். பெயரைக் கேட்க எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. அம்மம்மா அதன்பின் ஒன்பது ஆண்டுகள் இருந்தார். இருக்கும்வரை "அந்தப் பிள்ளையள்" என்றுதான் அவர்களைச் சொன்னார்.

இதை மறந்தவளாக நானும் நடந்திருக்கிறேன். உள்ளகப் பயிற்சிக் காலத்தில் ஓரிரவு, நோயாளி ஒருவரைச் சத்திரசிகிச்சைக் கூடத்துக்குத் தள்ளிச் சென்ற சிற்றூழியர் திடீரென்று வண்டியை நிறுத்தி, "டொக்டர், இவற்றை மூச்சு மாறுது" என்றார். நான் குறிப்பேட்டைப் பார்த்துக்கொண்டு நடந்தேன், அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு நடந்தார். நோயாளி பிழைத்தார். பின்னர் அறிக்கையில், "வழியில் அவதானிக்கப்பட்டது" என்று எழுதினேன். யார் அவதானித்தார் என்று எழுதவில்லை. ரீச்சர் மைதானத்தில் சொல்லித் தந்ததை அவர் செய்தார், நான் செய்யவில்லை.

இம்மலரில் அதிபர்களின் படங்கள் வரிசையாக இடம்பெறும், அது முறையே. அதே மலரில் ஒரு பக்கம், மணியடித்தவர், விடுதியில் சமைத்தவர், இடப்பெயர்வின்போது பதிவேடுகளைத் தலையில் சுமந்து காத்தவர், மயங்கி விழுந்த பிள்ளைகளை நோயாளர் அறைக்குத் தூக்கிப்போன ஆயா ஆகியோரின் பெயர்களுக்கு ஒதுக்கப்படவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். எனக்கு நினைவிலுள்ள ஆறு பெயர்களை எழுதி மலர்க்குழுவிடம் கொடுத்திருக்கிறேன். அவற்றில் இரண்டு முழுமையானவை அல்ல. அக்காமாரில் யாருக்கேனும் தெரிந்திருந்தால் தயவுசெய்து நிரப்பித் தாருங்கள்.