மிஸ்று நாட்டில் ஒரு பக்தாத் ஆசான்

அறிஞர் பெருமக்களின் வரலாறுகளைப் புரட்டும்போதெல்லாம் நமக்கு ஒரு குறை தோன்றுவதுண்டு. இன்னார் இன்ன ஊரில் பிறந்தார், இன்னின்ன உஸ்தாதுகளிடம் ஓதினார், இத்தனை கிதாபுகள் யாத்தார், இன்ன ஆண்டில் மறைந்தார் என்று தபகாத் நூல்கள் வரிசையாகச் சொல்லிக்கொண்டே போகும். பிறந்த மண்ணை விட்டு அயல்நாட்டுக்குப் பாடம் சொல்லப் போன அந்தப் பெருமக்கள் அங்கே யார் வீட்டில் தங்கினார்கள், யாரோடு ஸஹனில் கை வைத்தார்கள், அந்த ஊர்ச் சாப்பாடு அவர்களுக்கு ஒத்துக்கொண்டதா என்பதைப் பற்றியோ அவை வாய் திறப்பதில்லை. இந்தக் குறையைத் தீர்த்துவைக்கும் ஒருவர் ஹிஜ்ரி ஆறாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வாழ்ந்தார். அவர்தாம் முவப்பகுத்தீன் அப்துல் லத்தீப் பக்தாதி.

ஹிஜ்ரி 557-ல், அதாவது கி.பி. 1162-ல், பக்தாத் நகரில் பிறந்தவர் இவர். ஹதீஸ், பிக்ஹு, அரபு இலக்கணம், மருத்துவம் என்று பல துறைகளில் தேர்ந்து, 1189-ல் ஊரை விட்டுப் புறப்பட்டார். மோஸுலில் சில காலம் ஓதிக்கொடுத்தார். பின்னர் திமிஷ்கு சென்றார். அக்கா நகரின் அருகே சுல்தான் ஸலாஹுத்தீன் அய்யூபி பாசறை அமைத்திருந்த காலத்தில் அங்கும் போய்ச் சேர்ந்தார். சுல்தானின் பேரமைச்சரான காழீ அல்பாழில் இவருடைய கல்வியைக் கண்டு வியந்து, காஹிராவிலிருந்த தம் பிரதிநிதிக்கு ஒரு கடிதம் எழுதிக் கையில் கொடுத்தார். அந்தப் பிரதிநிதி வேறு யாருமல்லர், புகழ்பெற்ற கவிஞர் இப்னு ஸனாஉல் முல்க். வந்தவருக்கு வீடு கிடைத்தது. தீனாரும் தானியமும் கிடைத்தன. அயலூரில் கால் வைக்கும் ஆசிரியனுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்!

மிஸ்றுக்குத் தாம் வந்ததே மூன்று பேரைக் காண்பதற்காகத்தான் என்று அப்துல் லத்தீப் எழுதுகிறார். அவர் தம்மைப் பற்றி எழுதிய குறிப்புகளை இப்னு அபீ உஸைபிஆ தமது மருத்துவர் வரலாற்றில் பாதுகாத்து வைத்திருக்கிறார். அவருடைய தந்தையாரும் சிறிய தந்தையாரும் இவரிடம் ஓதியவர்கள். ஆகவே அந்தச் செய்திகளை வீட்டுச் செய்திகளாகவே நாம் கொள்ளலாம். மூவரில் ரசவாதம் பேசிய யாஸீன் என்பவர் வெறும் புரட்டர் என்று கண்டுகொண்டார். யூத அறிஞர் மூஸா இப்னு மைமூன் இவரைத் தேடி வந்தார். அவரை மிக உயர்ந்த அறிவாளி என்று ஒப்புக்கொள்ளும் நம் ஆசான், தலைமையின் மீதும் செல்வர்களை அண்டியிருப்பதன் மீதும் அவருக்கு நாட்டம் மிகுதி என்றும் எழுதிவிடுகிறார். இந்தக் கூர்மையான நாக்கு அவருக்கு இறுதிவரை இருந்தது.

மூன்றாமவர் அபுல் காஸிம். ஒருநாள் பள்ளிவாசலில் பாடம் நடந்துகொண்டிருக்கையில் கந்தல் உடுத்த முதியவர் ஒருவர் உள்ளே வந்தார். அவையோர் அவருக்குக் காட்டிய மரியாதையைக் கண்டு இவர் வியந்தார். பாடம் முடிந்தபின், அவர்தாம் அபுல் காஸிம் என்று தெரியவந்ததும் கட்டித் தழுவிக்கொண்டு, நான் தேடி வந்தது தங்களைத்தான் என்று கூறி வீட்டுக்கு அழைத்துப் போனார். முதலில் சோறு, பிறகுதான் பேச்சு. உண்டு முடித்தபின் தொடங்கிய அந்த உரையாடல் இரவு பகலாக நீண்டு, பழைய தத்துவ நூல்களின்பால் அவர் மனத்தையே திருப்பிவிட்டது. ஒரு வேளை உணவை இருவர் பகிர்ந்துகொண்டதிலிருந்து கல்வி வரலாற்றில் என்னென்ன விளைந்திருக்கிறது என்று யாராவது கணக்கெடுத்தால் நல்லது.

ஸலாஹுத்தீன் 1193-ல் மறைந்தபின், அவருடைய மகனார் அல்மலிக்குல் அஸீஸுடன் மறுபடியும் மிஸ்றுக்கு வந்தார். இப்போது அவர் அல்அஸ்ஹரின் ஆசிரியர். காலையிலிருந்து முற்பகல்வரை அங்கே பாடம். நண்பகலில் மருத்துவமும் பிறவும் ஓதுவோர் வருவார்கள். பொழுது சாயும் நேரத்தில் மீண்டும் அல்அஸ்ஹரில் வேறு மாணவர்கள். இரவு அவருடைய சொந்தப் படிப்புக்கு. இத்தனைக்கும் நடுவில் அந்த நாட்டின் சந்தையையும் அடுப்பையும் தோட்டத்தையும் பார்க்க அவருக்கு எப்படி நேரம் கிடைத்ததென்று, பாடம் சொல்லியே களைத்துப்போகும் நம் போன்றவர்களுக்கு வியப்பாகவே இருக்கிறது.

அவ்வாறு பார்த்தவற்றை எழுதியதே ‘கிதாபுல் இபாதா வல் இஃதிபார்’. மிஸ்றைப் பற்றிப் பதின்மூன்று இயல்கள் கொண்ட பெருநூல் ஒன்றை முன்னரே எழுதியிருந்தார். அதிலிருந்து தாம் கண்ணால் கண்டவற்றை மட்டும் பிரித்தெடுத்து இச்சிறு நூலாக்கினார். இதில் செடி கொடிகளுக்கு ஓர் இயல். சமையலுக்கென்றே ஓர் இயல்.

வெண்டைக்காயை அவர் வருணிப்பதைப் படிக்கும் நம் பெண்மணிகள் புன்னகை புரிவார்கள். நாம் நாள்தோறும் அரிந்து தள்ளும் காய் அந்தப் பக்தாத்வாசிக்குப் புதுமை. பெருவிரல் அளவு, ஐந்து பட்டை, மேலே சுணை, பிளந்தால் ஐந்து அறைகள், அவற்றில் வரிசையாக வெண்ணிற விதைகள், மிகுந்த வழுவழுப்பு என்று மருத்துவனின் கண்ணோடு பார்த்து எழுதுகிறார். மிஸ்று மக்கள் அதைத் துண்டு துண்டாக நறுக்கி இறைச்சியோடு ஆக்குவதையும் சொல்கிறார். வெண்டைக்காய் போட்ட ஆட்டிறைச்சி ஆணம் என்று நாம் விளங்கிக்கொள்ளலாம். முலூகிய்யா என்னும் கீரையையும் சேப்பங்கிழங்கையும் வாழையையும் அவர் விடவில்லை. பேரீச்சங்கொட்டையைச் சேப்பங்கிழங்கினுள் வைத்து நட்டதால் பிறந்ததே வாழை என்றொரு கதை அங்கே வழங்கிற்றாம். இலை சேம்பைப் போலவும் மரம் பேரீச்சையைப் போலவும் இருப்பதை ஒப்பிட்டுக் காட்டுகிறார் அவர். வாழைத்தோப்பின் நடுவில் வளர்ந்த நமக்கு இது சிரிப்பைத் தரும்.

புளிப்புக் குழம்புகள் நம் நாட்டைப் போன்றவையே, ஆனால் இனிப்புக் குழம்புகள் விந்தையானவை என்று சமையல் இயலைத் தொடங்குகிறார். அங்கே கோழியை வேகவைத்துச் சர்க்கரைப் பாகில் இட்டு, பிஸ்தாவையோ கசகசாவையோ அரைத்துச் சேர்த்துக் கெட்டியாகும்வரை காய்ச்சுவார்கள். நைதா என்றொரு பண்டத்தையும் சொல்கிறார். கோதுமையை முளைகட்டி, வேகவைத்து, அதன் சத்து நீரில் இறங்கியபின் வடிகட்டி, அந்தப் பாலைச் சுண்டக் காய்ச்சி, மாவு சேர்த்து இறக்குவார்கள். செந்நிறம், அளவான இனிப்பு. ரொட்டியின் விலைக்கே விற்றதாம். கோதுமைப் பாலில் அல்வா கிண்டும் நெல்லைச் சீமையார் இதைப் படித்தால் உறவு கொண்டாடாமல் இருக்க மாட்டார்கள்.

எல்லாவற்றிலும் பெரியது தட்டு ரொட்டி. 30 ராத்தல் மாவை ஐந்தரை ராத்தல் நல்லெண்ணெய் விட்டுப் பிசைய வேண்டும். (நம் தமிழில் வழங்கும் இராத்தல் அரபியிலிருந்து வந்த அதே சொல்தான். ஆயினும் அவர் சொல்லும் பக்தாத் ராத்தலின்படி 30 என்பது ஏறத்தாழ 12 கிலோ.) பாதி மாவைப் பெருந்தட்டில் பரப்பி, வாசனைச் சரக்கும் பிஸ்தாவும் சேர்த்து வறுத்த கறியை உள்ளே அடைத்த மூன்று ஆட்டுக்குட்டிகளை அதன்மேல் வைப்பார்கள். கஸ்தூரி கலந்த பன்னீர் தெளிப்பார்கள். மேலே 20 கோழிகள், 20 குஞ்சுகள், 50 சிறு பறவைகள். இடைவெளிகளில் ஸன்பூஸக், அதாவது நம் சமூசா. எஞ்சிய மாவால் மூடித் தண்டூர் அடுப்பில் வாட்டி எடுத்தால் ஒரே ரொட்டி! அரசர்களும் செல்வர்களும் வேட்டைக்கும் உல்லாசப் பயணத்துக்கும் இதை எடுத்துச் செல்லலாம், எளிதில் உடையாது, சூடும் நெடுநேரம் ஆறாது என்று பரிந்துரையும் செய்கிறார்.

ஏழைகளின் தட்டையும் அவர் எட்டிப் பார்த்திருக்கிறார். உப்பிட்ட சிறு மீன், சிப்பி, பாலாடைக்கட்டி, நைதா ஆகியவை அவர்கள் உணவு. சிலர் வயல் எலியைப் பிடித்துத் தின்று, அதற்கு ‘வயல் காடை’ என்று கௌரவமான பெயரும் வைத்திருந்தார்கள்.

இந்தச் சமையல் இயல் முடிந்து அடுத்த பக்கத்தைத் திருப்பினால் நூலின் இரண்டாம் பகுதி தொடங்குகிறது. அங்கே நைல் நதி; அதன்பின் பஞ்சம். விளைச்சல் போதுமானதாக இருக்க நைல் 16 முழம் உயர வேண்டும். ஹிஜ்ரி 596-ல் அது 12 முழம் 21 விரலோடு நின்றுவிட்டது. ஹிஜ்ரி 597, 598, அதாவது கி.பி. 1200 முதல் 1202 வரை, மிஸ்று மக்கள் பட்ட துன்பத்தை அவர் அங்கேயே இருந்து பார்த்தார். மக்கள் ஷாமுக்கும் ஹிஜாஸுக்கும் யமனுக்கும் மக்ரிபுக்கும் சிதறினார்கள். மனிதன் மனிதனைத் தின்றான், குழந்தைகளும் தப்பவில்லை. அந்தப் பக்கங்களை இங்கே எடுத்தெழுத நம் பேனா மறுக்கிறது. காஹிராவில் அரசாங்கப் பதிவில் ஏறிய பிணங்கள் மட்டும் ஏறத்தாழ 1,11,000 என்று குறித்திருக்கிறார். பதிவில் ஏறாமல் போனவர்கள் எத்தனை பேரோ!

மிஸ்றில் கோழி அடைகாத்துப் பார்ப்பதே அரிது, சூடேற்றிய அறைகளில் முட்டைகளை வைத்துக் குஞ்சு பொரிக்க வைப்பதே அங்கே ஒரு தொழில் என்று முற்பகுதியில் வியந்து எழுதியவர் அவர். அதே நாட்டில் கோழியினமே இல்லாமல் போயிற்று என்று பிற்பகுதியில் எழுதுகிறார். ஷாமில் 60 தீனாருக்கு வாங்கிய கோழிகளைக் காஹிராவில் ஏறத்தாழ 800 தீனாருக்கு ஒருவர் விற்றதாக அவர் கேள்விப்பட்டார். முட்டையின் விலையும் ஏறிற்று.

இவ்வளவையும் கண்டபின்னர்தான் இந்த நூலை அவர் நிறைவு செய்தார். ஹிஜ்ரி 600, ரமலான் மாதம், காஹிராவில். பிணங்களைக் கண்டவர் ஆட்டுக்குட்டி அடைத்த ரொட்டியைப் பற்றி எப்படி எழுதினார் என்று சிலர் கேட்கக்கூடும். நமக்கு அது குறையாகத் தோன்றவில்லை. நிறைந்த தட்டை முதலில் காட்டாவிட்டால், வெறுந்தட்டு எவ்வளவு வெறுமையானது என்பது தூரத்து வாசகனுக்கு எப்படிப் புரியும்? அந்த ஊர் அடுப்புகளை அவர் நேசித்தார். ஆகவேதான் அவை அணைந்தபோது ஒவ்வொன்றாகக் கணக்கெழுதினார். அறிவுத் தாகமும் அவரை விடவில்லை. அல்மக்ஸ் என்னுமிடத்தில் குவிந்து கிடந்த எலும்புகளுள் 2,000-க்கு மேற்பட்ட மண்டையோடுகளைத் தம் மாணவர்களோடு ஆராய்ந்து, கீழ்த்தாடை ஒரே எலும்புதான், ஜாலீனூஸ் சொன்னதுபோல் இரண்டல்ல என்று நிறுவினார்.

அதன்பின் பைத்துல் முகத்தஸ், திமிஷ்கு, ஹலப், அர்ஸன்ஜான் என்று பல ஊர்களின் தண்ணீரைக் குடித்தார். ஹஜ்ஜுக்குப் போகும் வழியில், தம் நூல்களுள் சிலவற்றைக் கலீபாவிடம் சமர்ப்பிக்க எண்ணிப் பக்தாதுக்கு வந்தார். ஊரை விட்டுப் புறப்பட்டு நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தது. அங்கே நோயுற்று, ஹிஜ்ரி 629 முஹர்ரம் 12-ல் காலமானார். வர்திய்யா அடக்கத்தலத்தில், தம் தந்தையாரின் அருகில் அவரை அடக்கம் செய்தார்கள்.