மடக்குக் கத்தி சேகரிப்பு

பழைய மடக்குக் கத்திகளைத் தேடிச் சேர்த்து, செய்நேர்த்தியிலும் அமைப்பிலும் உள்ள வேறுபாடுகளைக் கொண்டு அவற்றின் காலத்தைக் கணிக்கும் பொழுதுபோக்கு. இந்தியாவில் உத்தரப்பிரதேசத்தின் ராம்பூர்க் கத்திக்கே முதலிடம் தர வேண்டும். கைவேலை என்பதால் ஒன்றைப்போல் மற்றொன்று இராது. திறக்கும்போது பற்சக்கரம் கரகரக்கும் பழைய வகைக்குத் தனி மதிப்பு.

ஆலைக் கத்திகளில் அலகின் அடியிலுள்ள முத்திரையே சான்று. ஷெஃபீல்டின் ஜோசப் ராட்ஜர்ஸ் நிறுவனத்துக்கு நட்சத்திரமும் மால்டா சிலுவையும் அடையாளம். அமெரிக்காவின் கேஸ் நிறுவனம் 1970இல் 10 புள்ளிகள் பொறித்து, ஆண்டுக்கு ஒன்றாகக் குறைத்தது. அந்த வரிசையில் 7 புள்ளிகள் இருந்தால் 1973. துருவை எடுப்பதாக எண்ணி அலகைத் தேய்த்தால் இச்சான்று அழிந்துவிடும். பிரான்ஸின் ஒப்பினெல் கத்திக்குச் சுழலும் பூட்டு வளையம் 1955இல் வந்தது. வளையமில்லாததெல்லாம் பழையது அல்ல. அதன் சிறிய அளவுகளில் இன்றும் வளையம் இல்லை.